கப்பலின் கணக்குப் பலகை

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' (2004–2009) தொடரைப் பெண்ணியப் படைப்பு என்று பாராட்டுவோர் உண்டு. 1978இல் வந்த பழைய தொடரில் ஆணாக இருந்த போர் விமானி ஸ்டார்பக் இதில் பெண். கலாக்டிகா என்னும் போர் விண்கப்பலில் ஆணும் பெண்ணும் ஒரே கழிவறையைப் பயன்படுத்துகிறார்கள். மேலதிகாரி பெண்ணானாலும் 'சார்'தான். மனிதர்கள் உண்டாக்கிய சைலான் என்ற இயந்திர இனம் மனித குலத்தை அழித்துவிட, எஞ்சிய சுமார் ஐம்பதாயிரம் பேர் பல கப்பல்களில் கலாக்டிகாவின் காவலோடு தப்பி ஓடுகிறார்கள். அவர்களின் குடியரசுத் தலைவரும் ஒரு பெண்: முன்னாள் கல்வி அமைச்சர் லாரா ராஸ்லின்.

ஆனால் இங்கே பெண்ணின் இடம் எது என்பதை விமானியின் இருக்கையைவிட ராஸ்லினின் அறையிலுள்ள வெள்ளைப் பலகைதான் சரியாகச் சொல்கிறது. உயிரோடிருப்போரின் எண்ணிக்கை அதில் எழுதப்பட்டிருக்கும். முதல் பருவத்தின் தொடக்கப் பகுதி முடிகையில் ஒரு குழந்தை பிறக்கிறது; ராஸ்லின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். பார்க்கும் நாமும் நெகிழ்கிறோம்.

இரண்டாம் பருவத்தில் அதே எண்ணிக்கை வேறு முகம் காட்டுகிறது. 2005இல் ஒளிபரப்பான 'தி ஃபார்ம்' பகுதியில், சைலான்கள் சிறைப்பிடித்த பெண்களை இயந்திரங்களோடு பிணைத்துக் கருத்தரிக்க வைக்க முயல்கிறார்கள். ஸ்டார்பக் அந்த இடத்தைக் கண்டு பதறுகிறாள். பண்ணை எதிரியுடையது என்பதால் நம் கோபத்துக்குத் தடையில்லை.

2006 ஜனவரியில் வந்த பகுதியில், மனித அதிகாரி ஒருவரின் குழந்தையைச் சுமக்கும் சைலான் பெண் ஷரோனின் கருவைக் கலைக்க ராஸ்லின் உத்தரவிடுகிறார். அந்தக் கருவின் இரத்தம் ராஸ்லினின் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று தெரிந்ததும் உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது. இரண்டு முடிவுகளிலும் ஷரோனின் விருப்பத்துக்கு மதிப்பில்லை. மறுமாதமே, கருக்கலைப்பு வேண்டி ஓர் இளம்பெண் கலாக்டிகாவுக்கு ஒளிந்து வருகிறாள். மக்கள்தொகை குறைந்தால் இனமே அழியும் என்ற கணக்கு ராஸ்லினின் முன் வைக்கப்படுகிறது. வாழ்நாள் முழுதும் பெண்ணின் உரிமைக்காக நின்ற அவர், அந்த ஒருத்தியை மட்டும் அனுமதித்துவிட்டுக் கருக்கலைப்பைத் தடை செய்கிறார்.

ஒருத்தி பெறக் கூடாது, மற்றவர்கள் பெற்றே தீர வேண்டும். எதிரெதிராகத் தோன்றும் இரண்டு ஆணைகளும் ஒரே கையிலிருந்து வருகின்றன. கருப்பை சமூகத்தின் சொத்து என்பதே இரண்டுக்கும் அடிப்படை. சைலான் பண்ணை இயந்திரத்தால் செய்வதை ராஸ்லின் சட்டத்தால் செய்கிறார். தொடர் அவருடைய மனப்போராட்டத்தை நுட்பமாகக் காட்டுகிறது. ஆனால் அந்த இளம்பெண் சில நிமிடங்களே வந்து போகிறாள். தடையின் கீழ் வாழ வேண்டியிருந்த பெண்களின் கதைக்குத் தொடர் இடம் தரவில்லை. இதுவே அதன் பெரிய குறை.

தென்காசி, குற்றாலம் பக்கம் படிக்கும் மாணவிக்கு விண்வெளி இன்று தூரத்துக் கதையல்ல. 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர், பக்கத்துச் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அந்தப் பெருமை நமக்கு வேண்டும். அதோடு கணக்குப் பலகையையும் கவனிக்க வேண்டும். பீடி சுற்றும் நம் அம்மாக்களின் தலைமுறையிடம் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று அரசு சொன்னது. அறுவைச் சிகிச்சை மேசையில் பெரும்பாலும் படுத்தவர்கள் பெண்களே. இப்போது தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையும் என்ற அச்சம் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த திருமண விழாவில், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின்.

அச்சம் பொய்யல்ல. கலாக்டிகாவில் இருந்தவர்களின் அச்சமும் பொய்யல்ல. ஆனால் நியாயமான அச்சத்தின் பெயரில் கேட்கும்போதுதான் பெண்ணால் மறுத்துப் பேச முடியாமல் போகிறது. ராஸ்லினாலேயே முடியவில்லை. தலைமைப் பொறுப்பில் ஒரு பெண் இருந்தும், எண்ணிக்கைக்கு முன்னால் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்ற விதி அந்தக் கப்பலில் இல்லை. நாம் கோர வேண்டியது பதவியோடு சேர்த்து அந்த விதியையும்தான்.