565 கிலோவும் 13.7 கிலோவும்

மணிமுத்தாறு அணையிலிருந்து மலையை ஒட்டியே தெற்கே போனால் மகேந்திரகிரி. அங்குள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் 2024 மே 9 அன்று, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலைக்கான எஞ்சின் ஒன்று 665 விநாடிகள் விடாமல் எரிந்தது. உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்ட எஞ்சின் அது. செய்து கொடுத்தது விப்ரோ 3டி. பழைய முறையில் 14 பாகங்கள், 19 பற்றவைப்புகள். இப்போது ஒரே துண்டு. 565 கிலோ உலோகம் கேட்ட வேலைக்கு 13.7 கிலோ தூள் போதும். தயாரிப்பு நேரமும் 60 சதவீதம் குறையும் என்றது இஸ்ரோ. அதே மாதம் 30ஆம் தேதி, சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டைப் பறக்கவிட்டது.

இதைப் படித்தவுடன், உலோகத்தைச் சீவிக் கடையும் லேத்தின் காலம் முடிந்தது என்று சொல்லத் தோன்றும். அவசரம் வேண்டாம்.

முதலில் எடைக் கணக்கு. கடைசலில் சீவலாகப் போகும் உலோகம் குப்பைக்குப் போவதில்லை. வேறு உலோகம் கலக்காமல் பிரித்து வைத்தால் மறுபடி உருக்கலாம். தூளும் சும்மா வருவதில்லை. உலோகத்தை உருக்கி, வாயுவைப் பீய்ச்சிச் சிதறடித்து, சலித்து எடுக்க வேண்டும். விலை கட்டி உலோகத்தைவிட மிக அதிகம். என்னைக் கேட்டால் மகேந்திரகிரியின் பெரிய லாபம் 19 பற்றவைப்புகள் ஒழிந்ததுதான். ஒவ்வொரு இணைப்பிலும் கசிவும் விரிசலும் வரலாம். ஒவ்வொன்றையும் தனியே சோதித்தாக வேண்டும். வெட்டும் கருவி எட்டாத இடத்திலும், வளைந்து ஓடும் உட்கால்வாயிலும் அச்சு புகுந்துவிடும். இந்த வசதி லேத்துக்கு எந்நாளும் வராது.

இனி எதிர்ப்பக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்து லேத் பட்டறை ஒன்றுக்குத் தேய்ந்த பம்ப் புஷ் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெண்கலத் தண்டில் ஒரு துண்டை அறுத்து சக்கில் பிடிக்கிறார் பட்டறைக்காரர். துளை போட்டு, போரிங் டூலை உள்ளே விட்டு, கடைசியாக மயிரிழை அளவுக்கு ஒரு சீவு. ஷாஃப்டைச் செருகிப் பார்க்கிறார்: கையால் தள்ளினால் போக வேண்டும், ஆட்டம் மட்டும் இருக்கக் கூடாது. நாற்றங்கால் காயும் விவசாயி அன்று மாலையே பம்பை மாட்டிவிடலாம். இதே புஷ்ஷை அச்சிட்டால் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும்; வழவழப்பாக்க மறுபடி லேத்துக்குத்தான் வர வேண்டும். துல்லியமான த்ரெட்டுக்கும், கசியாமல் பொருந்த வேண்டிய முகப்புக்கும் இதே கதிதான். அச்சிட்ட பாகமும் பெரும்பாலும் கடைசலில்தான் முழுமையாகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. தண்டாக வாங்கும் உலோகத்தின் தரம் ஆலையிலேயே சோதிக்கப்பட்டுச் சான்றிதழோடு வருகிறது. அச்சிலோ உருவமும் உலோகமும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. லேசரின் வேகம் சற்றுப் பிசகினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் தங்கிவிடும். கால்வாய்க்குள் தூள் அடைத்துக்கொள்ளும். உலோகத்துக்குள் தங்கும் இறுக்கத்தைப் போக்கச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியும் வரலாம். மகேந்திரகிரி எஞ்சினும் முழு நேரச் சோதனைக்கு முன் நான்கு முறை, மொத்தம் 74 விநாடிகள், எரித்துப் பார்க்கப்பட்டது. ராக்கெட்டுக்கு அந்தச் செலவு தகும், பம்புக்குத் தகாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: பாகத்தின் சிரமம் எங்கே இருக்கிறது? உள்ளே ஒளிந்திருந்தால், பல துண்டுகளை ஒன்றாக்க முடிந்தால், அச்சு. வெளி அளவில், பொருத்தத்தில் இருந்தால், கடைசல். இரண்டிலும் இருந்தால் அச்சிட்டுக் கடைய வேண்டியதுதான். அச்சு இயந்திரம் வாங்கி வைத்துப் பெருமைப்படும் பொறியியல் கல்லூரிகள், அதன் பக்கத்திலேயே மாணவன் கைபட ஓட்ட ஒரு லேத்தையும் போட வேண்டும். எதைக் கடைய முடியாது என்று அங்கே கண்டவனுக்குத்தான் எதை அச்சிட வேண்டும் என்று தெரியும்.