சந்தியின் கதை

நாவலுக்குத் தலைவன் ஒருவன் வேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கொள்கை. அக்கொள்கைக்கு அடங்காத தமிழ் நூல்களுள் முன்வைத்து எண்ணத்தக்கது, 1966இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. அதன் களம் நாகர்கோயில். ஆசிரியர் (1931–2005) அந்நகரிலேயே துணி வணிகம் செய்து வாழ்ந்தவர். ஆதலால் கடைத்தெருவின் நாடித்துடிப்பை நன்கறிந்தவர்.

பெயரளவில் புளியமரம் தலைமை பெறினும், உண்மைத் தலைமை அது நின்ற சந்திக்கே உரியது. முன்னாளில் மரத்தைச் சூழ்ந்திருந்தது குளம். அது தூர்ந்தது, சாலைகள் வந்தன, கடைகள் எழுந்தன. அருகிருந்த காற்றாடி மரத்தோப்பு பூங்காவாயிற்று. திருவிதாங்கூர் மன்னராட்சி மறைந்து தேர்தல் ஆட்சி பிறந்த காலத்தின் மாறுதல்கள் அனைத்தும் அச்சிறு சந்தியில் பதிந்துள்ளன.

இந்நூலை வெறும் அரசியல் அங்கதமாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. முற்பகுதியில் தாமோதர ஆசான் கதை சொல்ல, இளைஞர் கூட்டம் கேட்கிறது. அக்கேள்வியே ஊரை ஊராக்குகிறது. ஆசான் மறைந்தபின் கேட்போரும் கலைகின்றனர். பிறகு வணிகப் போட்டியும் நகரசபைத் தேர்தலும் பத்திரிகைப் பரபரப்பும் சந்தியை ஆள்கின்றன. மரத்தை வெட்ட ஒரு கட்சி, காக்க ஒரு கட்சி. காக்க வந்தோரும் அதனை நிழலாகக் கண்டாரல்லர், கருவியாகவே கண்டனர். இறுதியில் நஞ்சால் மரம் பட்டுப்போகிறது. குற்றவாளி ஒருவனைச் சுட்டி ஆசிரியர் அமைந்துவிடாமையே நூலின் சிறப்பு. மரம் சாகுமுன்னரே அதன் கீழிருந்த உறவு செத்துவிட்டது என்பதே அவர் உணர்த்தும் உண்மை.

குறையும் உண்டு. தெருவென்பது ஆடவர்க்கே உரியதன்று. எனினும் இச்சந்தியில் பெண் குரல் அரிதாகவே கேட்கிறது. ஆசானின் கதைகளில் உள்ள உயிர்ப்பு, தேர்தல் நிகழ்ச்சிகளில் சற்றே வறள்கிறது.

எனினும் நாகர்கோயிலுக்கு அப்பாலும் செல்லுபடியாகும் நூல் இது. கடல் கடந்த மன்னாரை எண்ணுக. மன்னார் நகரின் பள்ளிமுனையில் அராபிய வணிகர் கொணர்ந்ததெனக் கருதப்படும் பெருக்கமரம் நிற்கிறது. பல தலைமுறைகளைக் கண்ட அம்மரத்தை எவரும் வீழ்த்தவில்லை. ஆயின், 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் தெருக்களும் எதிர்க்கரை ஊர்களும் தம் மக்களில் ஒரு பகுதியை இழந்தன. அங்கே மரம் பிழைத்தது, அயல் கலைந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் பலர் மீண்டனர். மீண்டோர்க்கு வீடும் நிலமும் வேண்டும் என்பது வெளிப்படை. ஒருவர் கதையை ஒருவர் இருந்து கேட்கும் இடமும் வேண்டும் என்பது அத்துணை எளிதில் புலப்படுவதன்று.

அவ்விடத்தின் அருமையை உணர்த்துவதே இந்நாவலின் நிலைத்த பயன். சாலையை அகலமாக்கலாம்; பூங்காவை அழகாக்கலாம். சந்தியில் நின்று பேசுவாரும் கேட்பாரும் அற்றுப்போயின், எஞ்சுவது போக்குவரத்து மட்டுமே, ஊர் அன்று.