பட்டாவில் யார் பெயர்?

முதுகலை வகுப்பில் 'குருதிப்புனல்' நடத்தும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதை ஒட்டி இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவல் அது. நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியது பற்றிய சண்டை பழையது. கூலிக்கான போராட்டத்தை ஓர் ஆணின் அந்தரங்கத்துக்குள் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் சொன்னது சரிதான். எனக்கு உறுத்துவது அதற்கும் அடுத்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்த பெண்கள். நாவலிலோ பெண் இரண்டு ஆண்களின் பகைக்கு நடுவே நிற்கிறாள். அவளுக்கும் நிலத்துக்கும் என்ன உறவு என்று அது கேட்பதே இல்லை.

ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்கள்' இந்த இடத்தில் வெகுதூரம் முன்னால் போகிறது. களத்துக்குப் போய், மனிதர்களோடு பழகி எழுதுகிறவர் அவர். கூலிப் பெண்ணின் உழைப்பு அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கூலி என்ற கேள்வி எழுகிற அளவுக்குப் பட்டா என்ற கேள்வி கூர்மையாக எழவில்லை என்பது என் வாசிப்பு.

அந்தக் கேள்வியை எழுப்பியவர் நாவலாசிரியர் அல்ல. வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் கணவரோடு 'லாப்டி' இயக்கத்தைத் தொடங்கினார். நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்ய வைத்தார். வெண்மணியைப் பற்றி எழுதப்பட்ட இலக்கியத்தைவிட இந்தப் பத்திரங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. (இலக்கிய ஆசிரியை இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லலாம்.)

ஆனால் பட்டாவும் வரப்போடு நின்றுவிடுகிறது. 1990களில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. நம் வயல் நம் பெயரில் இருக்கிறது. பக்கத்து வயலை விற்றவருக்கும் விற்க உரிமை இருந்தது. அங்கே தேக்கிய உப்புநீர் எந்தப் பத்திரத்தையும் படித்துப் பார்க்காமல் மண்ணுக்கடியில் வந்து சேர்ந்தது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். பாரம்பரிய முறைகளைத் தவிர மற்ற பண்ணைகளைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்து அகற்றும்படி 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. 2005இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் கொண்டுவந்து, அந்தத் தடையிலிருந்து இறால் வளர்ப்புக்கு வழிவிட்டது.

நிலத்தடி நீரிலும் இதே கதைதான். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமையை நிலத்துக்காரரிடம் தருகிறது. நிலம் இல்லாதவளுக்கு அடியில் ஓடும் நீரிலும் பங்கில்லை.

என் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு 1989லேயே, மத்தியச் சட்டத் திருத்தத்துக்கு 16 ஆண்டுகள் முன்பே, மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களுக்கு மட்டும் 2005 வரை அது இருக்கவில்லை. எனக்கு உண்டு. அப்பா இறந்த மூன்றாம் மாதம், நானும் தங்கையும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பிறந்த வீட்டுக்கு வரப்போக இருக்க வேண்டுமே என்ற பயம்தான். அதே வாரம் எழுதிய ஒரு கவிதையில் நிலத்தைத் தாய் என்று அழைத்திருந்தேன். நன்றாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள். காவிரியைப் பெண்ணாகப் பாடிப் பழகிய மொழியில் அப்படி எழுதுவது எளிது. தாயென்று சொல்லிவிட்டால் பங்கு கேட்க வேண்டியதில்லை.

பிறகு அந்த வயலில் அண்ணன் இரண்டாவது போர் போட்டார். அடுத்த கோடையில் எங்கள் வயலில் நடவு நட்ட பெண்களின் தெருவில் அடிபம்பு வற்றிவிட்டது. குடத்தோடு மெயின்ரோடு வரை நடக்கிறார்கள் என்று தெரிந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அதான் எழுதிக் குடுத்துட்டியேம்மா" என்றார்.