சுவருக்குப் பக்க வெயில்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் என் கேமராவை இழுப்பதில்லை. ராயக்கோட்டை மலைமேல் இடிந்து நிற்கும் செங்கல் சுவர்கள் வேறு ரகம். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது காரை உதிர்ந்த ஒவ்வொரு பள்ளமும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். உச்சி வெயிலிலோ அதே சுவர் தட்டையாகிவிடும்.

1791இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்த கோட்டை இது. கறுத்த திட்டைக் கண்டதும் பீரங்கிப் புகை என்று கதை கட்ட மனம் துடிக்கும். பெரும்பாலும் அது மழையும் பாசியும் செய்த வேலைதான். எனக்கு அந்த மழைக் கதையே போதும். பழைய சுவரின் சுண்ணாம்புச் சாந்து அந்த மழை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். படம் எடுங்கள், பெயர் மட்டும் கீறாதீர்கள்.