உயிர்தான் பிழைச்சாச்சே?

ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே 1986-ல் நிறுவிய தொலைநோக்கி இருக்கிறது. 2.3 மீட்டர் கண்ணாடி. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடப்பதை விசாரிக்கும். அதே மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பெண்ணுக்கு மார்பில் கட்டி என்றால், பஸ் பிடித்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்க வேண்டும். பலர் கட்டி பெரிதான பிறகுதான் இறங்குகிறார்கள். சிறிதாக இருக்கும்போதே வந்தால் பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். தாமதமானால் மார்பகத்தையே எடுக்க வேண்டி வரலாம்.

எடுத்ததை மறுபடி உருவாக்க இன்று அபாரமான வித்தைகள் உண்டு. 'டீப் ஃப்ளாப்' முறையில் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும், தசையை விட்டுவிட்டு, ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் வைக்கிறார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குழாயை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்ட ஒரு பச்சைச் சாயம், ஒரு இன்ஃப்ராரெட் காமிரா.

பத்திரிகைகளில் இதையெல்லாம் வாயைப் பிளந்து எழுதுகிறோம். இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறோம். ஒன்று, புதுசெல்லாம் நல்லதில்லை. சொரசொரப்பான ஒரு வகை சிலிக்கான் இம்ப்ளான்ட், அபூர்வமான ஒரு புற்றுநோயுடன் தொடர்புள்ளது என்று 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

இரண்டு, 'அழகு' என்ற வார்த்தை. 2018-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அறுவைக்கு இலவச கிளினிக் துவங்கியபோது, அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அமைச்சர். நியாயமான கேள்விதான். ஆனால் கான்சரில் மார்பகத்தை இழந்தவள் கேட்பது அழகை அல்ல. ரவிக்கை ஒரு பக்கம் தொளதொளக்காமல் பஸ் ஏறுவதை. அதை அழகுக் கணக்கில் எழுதினால், 'உயிர்தான் பிழைச்சாச்சே, இந்த வயசுல இது எதுக்கும்மா?' என்று வாயை அடைத்துவிடலாம்.

அமெரிக்காவில் மார்பகத்தை எடுக்கக் காசு தரும் இன்ஷூரன்ஸ், மறுசீரமைப்புக்கும் தர வேண்டும் என்று 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. நியூயார்க் மாநிலம் 2010-ல் இன்னொரு சட்டம் போட்டது: இந்த வசதி இருக்கிறது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை, நாற்காலி போட்டுப் பத்து நிமிஷம் பேசினால் போதும்.

வேண்டாம் என்பதும் அவள் உரிமை. பருத்தி நூலில் பின்னி உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் மார்பகம்கூட உண்டு, கத்தியே வேண்டாம். ஆனால் அதுவும் யாராவது சொன்னால்தானே தெரியும்?

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், தேதி குறிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். சில சமயம் எடுப்பதையும் உருவாக்குவதையும் ஒரே மயக்கத்தில் முடிக்கலாம். கேட்கத் தெரியாதவளிடம் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.