குறுஞ்செய்தியில் வழுவும் வழாநிலையும்: தென்சென்னைப் பதின்பருவத்தினரின் எழுத்துத்தமிழை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசிச் செய்திகளில் இளையோர் இலக்கணம் பிறழ எழுதுகின்றனர் என்பது பெற்றோர் கூறும் குறை. அவ்வாறு எழுதுவதால் மொழியறிவு குன்றாது என்பது மேலைநாட்டு ஆய்வாளர் சிலர் தரும் விடை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் மொழிச்சூழலை முன்னிறுத்தி இவ்விரு நிலைப்பாடுகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழ் இலக்கணிகள் வகுத்த எழுவகை வழுக்களைக் கொண்டு நோக்கும்போது, பெற்றோர் சுட்டும் பிழைகளுள் பெரும்பாலானவை வழுவாகா என்பதும், உண்மையான இழப்பு எழுத்தறிவில் நேர்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குறுஞ்செய்தி, இரட்டை வழக்கு, உரோமன் எழுத்து, வழு, வழுவமைதி, விளி, எழுத்தறிவு.

1. முன்னுரை

தனிப்பயிற்சி வகுப்புக்குச் சென்ற மகளுக்குத் தாய் 'எப்ப வருவே?' என்று செய்தி விடுக்கிறார். 'கிளாஸ் முடியல' என்று உரோமன் எழுத்தில் விடை வருகிறது. 'இது என்ன தமிழ்? ஒரு வாக்கியத்தை ஒழுங்காக எழுதத் தெரியாதா?' என்று அன்றிரவு வீட்டில் வினா எழுகிறது. தென்சென்னைக் குடும்பங்களில் இவ்வுரையாடல் புதிதன்று. இதில் 'ஒழுங்கு' என்னும் சொல்லால் சுட்டப்படுவது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெற்றோரின் குறையில் மூன்று வேறுபட்ட செய்திகள் கலந்துள்ளன. தமிழை உரோமன் எழுத்தில் எழுதுவது ஒன்று. பேச்சு வடிவத்தை எழுதுவது மற்றொன்று. பெரியோர்க்குரிய பணிவு செய்தியில் இல்லாமை மூன்றாவது. இம்மூன்றையும் 'இலக்கணம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதால், திருத்த வேண்டியது எது, வேண்டாதது எது என்பது மறைந்துவிடுகிறது.

இங்குக் காட்டப்படும் தொடர்கள் குறிப்பிட்ட எவருடைய செய்திகளும் அல்ல. இப்பகுதிகளில் நாள்தோறும் வழங்கும் வடிவங்களை ஒட்டி விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. உரோமன் எழுத்தில் வழங்குவன தமிழ் எழுத்துக்கு மாற்றித் தரப்பட்டுள்ளன.

2. மேலைநாட்டு விடையும் அதன் எல்லையும்

குறுஞ்செய்தி மொழியைக் கெடுக்கிறது என்னும் அச்சத்தை மறுத்தவர்களுள் முதன்மையானவர் பிரித்தானிய மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல். இப்பொருள் பற்றிய அவரது நூல் 2008இல் வெளிவந்தது. சுருக்க வடிவங்கள் குறுஞ்செய்திக்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தவை. முழு வடிவத்தை அறிந்தவரே அதனைச் சுருக்கி விளையாட முடியும் என்பது அவரது வாதத்தின் சாரம். பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் முதலியோர் 10 முதல் 12 வயது வரையிலான 88 பிரித்தானியச் சிறுவரிடம் நிகழ்த்தி 2009இல் வெளியிட்ட ஆய்வும், செய்திச் சுருக்கங்களை மிகுதியாகக் கையாண்ட சிறுவரின் வாசிப்புத்திறன் தாழ்ந்திருக்கவில்லை, மாறாக உயர்ந்தே இருந்தது என்று காட்டியது.

இம்முடிவுகளைச் சென்னைச் சூழலுக்கு அப்படியே பொருத்துவோர் ஓர் அடிப்படையைக் கவனிப்பதில்லை. அப்பிரித்தானியச் சிறுவர் செய்தியில் சுருக்கும் மொழியையே, அதே எழுத்தில், பள்ளியில் முறையாகக் கற்றவர்கள். அவர்கள் சுருக்குவதற்கு முன் ஒரு முழு வடிவம் இருந்தது. தமிழைப் பாடமாகப் பயிலாத தென்சென்னைச் சிறுவனுக்கு 'வந்துட்டேன்' என்பது எதன் சுருக்கமும் அன்று. அவனுக்கு எழுதப்பட்ட தமிழ் என்பதே அவ்வளவுதான். ஆகவே கிரிஸ்டல் தரும் ஆறுதல் இங்கு முழுமையாகச் செல்லாது.

3. உரோமன் எழுத்து வந்த வழி

இளையோரின் சோம்பலே உரோமன் எழுத்துக்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். தொழில்நுட்ப வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகிறது. குறுஞ்செய்தி ஒன்றில் உரோமன் எழுத்தானால் 160 குறிகளும், ஒருங்குறித் தமிழானால் 70 குறிகளும் மட்டுமே அடங்கும். ஒருங்குறியில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். 'வந்துவிட்டேன்' என்னும் சொல் நம் கணக்கில் 7 எழுத்து. ஒருங்குறிக் கணக்கில் 13 குறி. அதன் பேச்சு வடிவமாகிய 'வந்துட்டேன்' உரோமனில் ஏறத்தாழ 10 எழுத்து. அதாவது, முன்னது ஒரு செய்தியின் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. பின்னது பதினாறில் ஒரு பங்கே ஆகிறது. செய்திக்குச் செய்தி கட்டணம் செலுத்திய காலத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

சிங்கப்பூரில் 2005இல் அறிமுகமான முத்து நெடுமாறனின் 'செல்லினம்' போன்ற முயற்சிகள் கைப்பேசியில் தமிழ் எழுத்துக்கு இடம் தேடின. எனினும் அக்காலக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. அனுப்புவோரிடம் இருந்தாலும் பெறுவோரிடம் கட்டங்களே தோன்றின. இந்நெருக்கடியில் உரோமன் தமிழை நடைமுறையாக்கியவர்கள் அன்று கல்லூரியிலும் புதுப்பணியிலும் இருந்த தலைமுறையினர். அவர்களுள் பலர் இன்று பதின்பருவப் பிள்ளைகளின் பெற்றோர். தேவையின் பொருட்டு அவர்கள் கைக்கொண்ட வழக்கத்தை, அத்தேவை நீங்கிய பின்னும் அவர்கள் பிள்ளைகள் தொடர்கின்றனர். இன்றைய திறன்பேசியில் தமிழ் விசைப்பலகை உண்டு. எண்ணிக்கைத் தடையும் இல்லை. எனவே இன்று உரோமன் எழுத்து தொடர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

4. எழுவகை வழுக்களின் வழியே

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிலும் வழு நேரலாம் என்று நன்னூல் வகுக்கிறது. இவ்வளவுகோலைக் குறுஞ்செய்திக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுடையது.

இட வழு இச்செய்திகளில் அரிது. 'வந்துட்டேன்' என்பதில் எழுவாய் இல்லை. ஆயினும் விகுதி தன்மை ஒருமையைத் தெளிவாகக் காட்டுகிறது. எழுவாயைத் தொக்கு வைப்பது தமிழின் இயல்பு. 'நாய்க்குட்டி தூங்கிட்டான்' என்று எழுதும் சிறுமி அஃறிணையை உயர்திணையாக்குகிறாள். அன்பு காரணமாக வரும் இத்தகைய மயக்கத்தை இலக்கணிகள் திணை வழுவமைதியாக ஏற்றுள்ளனர்.

காலம் பற்றிய குறை சுவையானது. பனகல் பூங்கா அருகே போக்குவரத்து நெரிசலில் நிற்கும் மகன் 'வந்துட்டேன்' என்று அனுப்புகிறான். 'பொய் சொல்கிறான்' என்கிறார் தந்தை. விரைவு பற்றி எதிர்காலச் செயலை இறந்தகாலத்தால் கூறுவதை நன்னூலார் அமைத்துக்கொள்கிறார். இன்னும் உண்டு முடிக்காதவன், உடன் செல்வோர் அழைக்கும்போது உண்டுவிட்டதாகக் கூறுவதை உரையாசிரியர் இதற்குக் காட்டுவர். தந்தையின் ஐயம் ஒழுக்கம் பற்றியதாக இருக்கலாம், இலக்கணம் பற்றியதன்று.

விடை வகையே இங்கு மிக முக்கியமானது. 'எப்ப வருவே?' என்பதற்குக் 'கிளாஸ் முடியல' என்னும் மறுமொழி நேர்விடை அன்று. ஆனால் நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள் உற்றது உரைத்தலும் ஒன்று. தனக்கு நேர்ந்துள்ளதைக் கூறி, இப்போது வர இயலாமையை மகள் உணர்த்துகிறாள். இது வழாநிலையே. அதே வினாவுக்கு 'ம்' என்று மட்டும் வரும் மறுமொழி எவ்வகை விடையிலும் அடங்காது. அது விடை வழு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கடிந்துகொள்ளும் பெற்றோர், சரியானதைத் தண்டித்துத் தவறானதன் தன்மையை விளக்காது விடுகின்றனர்.

பணிவு பற்றிய குறை மேலும் நுண்ணியது. தமிழ் வினைமுற்று மரியாதையையும் சுமப்பதால், 'வரியா', 'வரீங்களா' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இத்தேர்வைத் தவிர்க்க விரும்பும் சிறுவன் 'டின்னர் ரெடியா?' என்று வினையே இல்லாத தொடருக்கு நகர்கிறான். ஒருவரைப் பன்மையால் குறிப்பது உலக வழக்கில் உயர்வு கருதி வருவதே, இலக்கண நெறியன்று என்பது தொல்காப்பியரின் நிலை. ஆக, பெற்றோர் இலக்கணம் என்று வேண்டும் மரியாதைப் பன்மை, மரபிலக்கணத்தின் கண்ணில் வழக்கால் அமைந்த ஒன்று. தாயை 'நீ' என்றும் தந்தையை 'நீங்க' என்றும் அழைக்கும் குடும்பங்கள் பல இருப்பதும் இதனை உறுதிப்படுத்துகிறது.

உண்மையில் தாய் வருந்துவது விளி இல்லாமை குறித்து எனலாம். 'ஓகே' என்பதற்கும் 'ஓகேமா' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு ஓர் எழுத்து. உறவில் அது பெரிது. தொல்காப்பியர் விளிக்குத் தனி இயலே வகுத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

நிறுத்தக்குறி பற்றியும் ஒரு சொல். முற்றுப்புள்ளி இட்டு முடியும் ஒற்றைச்சொல் மறுமொழி நேர்மை குறைந்ததாக உணரப்படுகிறது என்று அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. தமிழில் வினைமுற்றே தொடரை முடிக்கிறது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை நிலைபெறச் செய்தோருள் ஒருவராக ஆறுமுக நாவலர் குறிப்பிடப்படுகிறார். அது 19ஆம் நூற்றாண்டின் வழக்கம். புள்ளி இல்லாமையைத் தமிழ் இலக்கணப் பிழை என்பது பொருந்தாது.

5. எழுத்தும் வழக்கும்

உரோமன் எழுத்து இன்றும் தொடர்வதற்கு ஒரு காரணம் இரட்டை வழக்கு. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இக்கருத்தாக்கத்தைத் தமிழுக்கு விரிவாகப் பொருத்திய பிரான்சிஸ் பிரிட்டோவின் நூல் 1986இல் வந்தது. பேச்சுத்தமிழுக்குத் தனி இலக்கணம் உண்டு என்பதை ஹரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கண நூல் விரிவாகக் காட்டுகிறது. தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கும் கை, பழக்கத்தால் எழுத்து வழக்கை நோக்கி இழுக்கப்படுகிறது. தாய்க்கு 'நான் வந்துவிட்டேன்' என்று எழுதினால் அது அறிவிப்பாகவோ கேலியாகவோ ஒலிக்கிறது. இளையோர் உரோமனைத் தேர்வது பேச்சின் நெருக்கத்தைக் காப்பதற்காகவும் ஆகும். 'நல்ல தமிழில் எழுது' என்று பெற்றோர் கூறும்போது, மேடைத்தமிழில் எழுது என்றே பிள்ளை விளங்கிக்கொள்கிறான்.

இவ்விரண்டையும் பிணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்ச் சிறுகதை உரையாடல்கள் பேச்சு வழக்கைத் தமிழ் எழுத்திலேயே நெடுங்காலமாகப் பதிந்துள்ளன. ஜெயகாந்தன் கதைகளில் சென்னைப் பேச்சே அச்சேறியது. எழுத்து வேறு, வழக்கு வேறு என்பதற்கு இவை போதிய சான்று.

6. சுவடியும் கைப்பேசியும்

உரோமன் தமிழில் குறில் நெடில் வேறுபாடும், லகர ளகர, னகர ணகர, ரகர றகர வேறுபாடுகளும் பெரும்பாலும் மறைகின்றன. 'படம்', 'பாடம்' இரண்டும் ஒரே வடிவம் பெறலாம். 'பல்லி', 'பள்ளி' ஆகியனவும் அவ்வாறே. இடம் நோக்கிப் படிப்பவர் பொருள் கொள்கிறார். தமிழ் எழுத்து வரலாற்றில் இது முன்பும் நிகழ்ந்துள்ளது. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை; எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடவில்லை; ரகரமும் காலும் ஒத்திருந்தன. சுருக்கமும் நமக்குப் புதிதன்று: நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றுக்குக் கணக்கர் கையாண்ட குறிகள் இன்று ஒருங்குறித் தமிழ்ப் பகுதியிலேயே இடம்பெற்றுள்ளன.

இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு மேல் நீட்டலாகாது. பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்தின் சுவடிகளைப் படிப்பவர், விடுபட்ட எழுத்து எது என்பதை அறிந்தவர். யாப்பும் இலக்கணமும் அவருக்குத் துணை. தமிழ் எழுத்தைக் கற்காத சிறுவனுக்கு 'மனம்', 'மணம்' என்பவற்றை வேறுபடுத்தும் எழுத்துகள் இரண்டு உண்டு என்பதே தெரியாது. முன்னவர் எழுதாததையும் படித்தார். பின்னவன் எழுதியிருப்பதையே படிக்க இயலாது நிற்கிறான்.

7. இழப்பு நேரும் இடம்

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது; மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அது 2015-16 முதல் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. அதற்கு முன் இப்பள்ளிகளில் சேர்ந்தோருள் பலர் வடமொழியையோ இந்தியையோ பிரெஞ்சையோ இரண்டாம் மொழியாகப் பயின்றனர். மேல்நிலை வகுப்பில் மதிப்பெண் கருதி மொழிப்பாடத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இத்தேர்வுகளைச் செய்தவர்கள் பதின்பருவத்தினர் அல்லர், பெற்றோர். பிள்ளையின் செய்தியில் தமிழ் எழுத்து இல்லையே என்று வருந்தும் தந்தை, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அவரே இட்ட குறியையும் நினைவுகூர வேண்டும்.

ஜெயமோகன் 2013இல் 'தி இந்து' தமிழ் நாளிதழில், ஆங்கில எழுத்துருவில் தமிழை எழுதுவது பற்றிய யோசனையை முன்வைத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. இளையோர் தமிழ் எழுத்திலிருந்து விலகுகின்றனர் என்னும் அவரது அவதானிப்பு தவறன்று. அதிலிருந்து பெறப்பட்ட தீர்வு ஏற்கத்தக்கதன்று. துருக்கி 1928இல் எழுத்தை மாற்றியபோது அரசு வகுத்த ஒழுங்கான எழுத்துமுறை இருந்தது. உரோமன் தமிழுக்கு அத்தகைய பொதுநெறி இல்லை. மேலும், உரோமன் எழுத்து இன்றைய செய்தியைப் படிக்கத் துணைசெய்யுமேயன்றி, அச்சில் உள்ள தமிழுக்குள் இளையோரை அழைத்துச் செல்லாது. எதிர்த்தவர்களும் எழுத்தின் பெருமையைப் பேசிய அளவுக்கு, அதனைக் கற்பிக்கும் வழியைப் பேசவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

இழப்பின் அளவைக் குடும்பத்திற்குள்ளேயே காணலாம். தமிழ் மட்டும் படிக்கும் பாட்டிக்குப் பேரன் எழுத முடிவதில்லை. அவர் எழுதினால் அவனால் படிக்க முடிவதில்லை. இருவரும் குரற்செய்திக்கு மாறுகின்றனர். பேச்சு தொடர்கிறது, எழுத்து அவ்விருவரிடையே முற்றிலும் நின்றுவிடுகிறது.

8. முடிவுரை

குறுஞ்செய்தித் தமிழ் இலக்கணமற்றதன்று. அதன் திணை, பால், இட இயைபுகள் பேச்சுத்தமிழின் நெறியில் நிற்கின்றன. அதன் காலமயக்கமும் குறிப்புவிடையும் இலக்கணிகள் அமைத்துக்கொண்டவை. வழு எனத்தக்கது விடையாகாத விடை. வருத்தம் தருவது விளி இன்மை. இவ்விரண்டும் வீட்டில் பேசித் தீர்க்கத்தக்கவை. எழுத்தறியாமை வேறு வகையானது. கடிந்துகொள்வதால் அது தீராது.

ஆகவே பெற்றோர் வேண்டத்தக்கது ஒன்றே: பேசுவதையே எழுதட்டும், தமிழ் எழுத்தில் எழுதட்டும். உரோமனில் தட்டினால் தமிழில் தோன்றும் விசைப்பலகைகள் இதற்கு உதவும். ஆனால் தோன்றும் வடிவங்களுள் சரியானதைத் தெரிவு செய்ய எழுத்தறிவு வேண்டும் என்பதால், கருவி ஆசிரியருக்கு ஈடாகாது. வகுப்பறையில் வழுவமைதியையும் எண்வகை விடையையும் பயிற்றும் ஆசிரியர்கள், பழைய எடுத்துக்காட்டுகளுடன் மாணவரின் செய்தித்தொடர்களையும் கரும்பலகையில் எழுதலாம். 'கிளாஸ் முடியல' என்பது எவ்வகை விடை என்று கேட்டால், நன்னூல் தன் கைப்பேசியைப் பற்றியும் பேசுகிறது என்பதை மாணவி உணர்வாள். அதனைத் தமிழ் எழுத்தில் கரும்பலகையில் காணும்போது, தன் பேச்சுக்கும் அவ்வெழுத்து உரியது என்பதையும் அறிவாள்.