புதுமைப்பித்தனின் ஊதிய எழுத்தும் இலக்கிய எழுத்தும்

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், பாறையைக் குடைந்தெடுத்த பல்லவர் கோயில் ஒன்று உண்டு. சத்துருமல்லேசுவரம் என்பது அதன் பெயர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்த அக்கோயிலில் வடமொழிச் செய்யுளோடு தமிழ்ச் செய்யுளும் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னன் தானே மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகை நாடகம் இயற்றிய புலவன். ஆயினும், தமிழ்ச் செய்யுளைச் சொன்னவனாகக் கல்வெட்டுக் குறிப்பது அவ்வூரைச் சேர்ந்த சிவதாசன் என்பானையே. புலவன் பெயரைக் காத்து வைத்த கல், அவன் பெற்ற பரிசில் யாது என்பதைச் சொல்லவில்லை. எழுத்தைப் போற்றுங்கால், எழுதியவன் எதனால் உண்டு உயிர் வாழ்ந்தான் என்பதை வினவாது விடும் வழக்கம் நம் இலக்கிய வரலாற்றில் இன்றும் தொடர்கின்றது.

இவ்வழக்கத்தால் பெரிதும் மறைப்புண்டவர் புதுமைப்பித்தன் எனப் பெயர் கொண்ட சொ. விருத்தாசலம் ஆவார். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த அவர், தந்தையாரின் அரசுப் பணி காரணமாகச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் தொடக்கக் கல்வி பெற்றார். 1918இல் தந்தையார் ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அரசு ஊதியத்தில் வளர்ந்த மகன் அரசுப் பணியை நாடாது, எழுதிப் பிழைப்பதெனத் துணிந்து சென்னைக்குச் சென்றான். அத்துணிவின் விளைவைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. வறுமையும் கூலி எழுத்தும் ஒரு பெருங்கலைஞனைக் கெடுத்தன என்பது ஒன்று. வறுமையே அவர் கலையை வளர்த்தது என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மை ஆகா. ஊதிய எழுத்து என ஒரே பொருள் இல்லை. அது பல வகைப்படும். எவ்வகைப் பணி எழுத்தாளனுக்கு எவ்வகைப் பொழுதை விட்டுவைத்தது, அப்பொழுதுக்குள் எவ்வகை இலக்கியம் பிறக்க இயன்றது என ஆராய்வதே முறையாகும்.

முதற்கண், அவர் செய்த பணிகளைத் தொகுத்துக் காண்போம். காரைக்குடி 'ஊழியன்' இதழில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர்ச் சென்னையில் 'தினமணி' நாளிதழின் ஆசிரியர் குழுவில் 1943 வரை இருந்தார். அவ்வாண்டில் டி. எஸ். சொக்கலிங்கம் அவ்விதழை விட்டு விலகியபோது தாமும் விலகி, 'தினசரி'யில் சேர்ந்தார். இவற்றிற்கிடையே பிறநாட்டுச் சிறுகதைகள் பலவற்றை மொழிபெயர்த்தார். முசோலினியைப் பற்றிப் 'பேஸிஸ்ட் ஜடாமுனி'யும், பிறிதோர் ஆசிரியருடன் சேர்ந்து இட்லரைப் பற்றிக் 'கப்சிப் தர்பா'ரும் எழுதினார். இறுதி ஆண்டுகளில் திரைப்படத்திற்கு உரையாடல் எழுதப் புகுந்தார். 'ஔவையார்', 'காமவல்லி', 'ராஜமுக்தி' ஆகிய படங்களில் அவர் உழைப்பு உண்டு. தாமே படம் எடுக்கவும் முயன்றார். புனேயில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

இப்பட்டியலோடு கதைகளின் கால வரிசையை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். அவர் எழுதிய ஏறத்தாழ நூறு கதைகளுள் கணிசமான பகுதி 1934க்கும் 1937க்கும் இடைப்பட்டது. பொருள் வளமற்ற 'மணிக்கொடி'யில் வெளிவந்தவை அவற்றுட் பல. 'சாப விமோசனம்', 'செல்லம்மாள்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகிய முதிர்ந்த படைப்புகள் 1943ஆம் ஆண்டின. அஃதாவது, நாளிதழ்ப் பணியின் சுமை மிகுந்திருந்த காலமே சிறுகதை செழித்த காலமுமாகும். திரைப்படம் புகுந்தபின் கதைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயின. ஊதியத்துக்கு எழுதியமையே கலைக்குக் கேடு எனின், இவ்வேறுபாடு தோன்றியிராது.

இதற்குக் காரணம் யாது? நாளிதழ்ப் பணி அன்றன்று தொடங்கி அன்றன்று முடிவது. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி அச்சுக்குக் கொடுத்துவிட்டால், அது நாளைய சிந்தையில் இடங்கொள்ளாது. எஞ்சுவது சிறு பொழுதே. எனினும் அப்பொழுது முற்றும் எழுத்தாளனுக்கே உரியது. ஓர் இருப்பில் எழுதி முடிக்கத்தக்க சிறுகதைக்கு அது போதும். திரைப்படப் பணியோ முடிவுறாத் தன்மையது. பிறர் அழைப்புக்குக் காத்திருத்தலும், எழுதியதை மாற்றி எழுதலும், ஊர் விட்டு ஊர் சேறலும், தாமே முதலீடு செய்த வழிப் பணக் கவலையும் அதனோடு வருவன. ஊதியம் பெரிதாகத் தோன்றினும், அப்பணி எழுத்தாளனின் பொழுதை மட்டுமன்றிக் கற்பனையையும் பிணித்துக்கொள்ளும்.

நாவலின் நிலை வேறு. 'சிற்றன்னை' என்னும் குறுநாவல் அவரிடமிருந்து கிடைத்தது. 'அன்னை இட்ட தீ' முற்றுப்பெறாது நின்றது. நாவலுக்கு வேண்டுவது துணுக்குப் பொழுதன்று. நேற்றை நிறுத்திய இடத்தில் இன்று தொடங்கும் தொடர்ச்சி. நாளிதழ்ப் பணி சிறுகதைக்கு இடந்தந்தது போல நாவலுக்கு இடந்தரவில்லை. ஆகவே, ஊதிய எழுத்து அவர் மொழியைக் கெடுத்தது என்பதினும், அவரது இலக்கிய வடிவத்தைக் குறுக்கியது என்பதே பொருந்தும். இழப்பு மெய்யானது, ஆனால் அஃது எங்கே நேர்ந்தது என்பதைச் சரியாகச் சுட்டுதல் வேண்டும்.

இம்முடிவைப் பிற எழுத்தாளர் வாழ்வோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். கல்கிக்கு நாவலும் ஊதியப் பணியும் ஒன்றே. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அவர்தம் வார இதழில் தொடராக வந்தது. வாரந்தோறும் எழுத வேண்டிய கட்டாயமே நாவலுக்குரிய தொடர்ச்சியை அளித்தது. ருசிய நாட்டுத் தாஸ்தயெவ்ஸ்கி 1866இல் பதிப்பாளரின் கெடுவுக்கு அஞ்சிச் 'சூதாடி' நாவலை ஒரு மாதத்திற்குள் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி முடித்தார். கடன் அவரையும் துரத்தியது. எனினும் அக்கடனுக்கு ஈடாகக் கேட்கப்பட்டது நாவலே. புதுமைப்பித்தனிடம் ஊதியம் தந்தோர் கேட்டவை செய்தியும் மொழிபெயர்ப்பும் உரையாடலும், நாவல் அன்று. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி நிறுவனத்தில் பணிபுரிந்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் பணிகளுள் ஒன்று. அத்திரையுலகையே பொருளாகக் கொண்ட 'கரைந்த நிழல்கள்' நாவல், அவர் அவ்வேலையை விட்டபின், 1969இல் நூலாயிற்று. பணிக்களம் நாவலுக்குப் பொருள் தரலாம். பொழுதைத் தருவதற்கு அப்பணியினின்று விலக வேண்டியிருந்தது.

புதுமைப்பித்தனும் தம் பணிக்களத்தைப் பொருளாக்கினார், சிறுகதையில். 1937இல் வெளிவந்த 'ஒரு நாள் கழிந்தது' இதற்குச் சான்று. இலக்கிய வேட்கையோடு சென்னைக்கு வந்து, விளம்பர வாசகம் எழுதிக் குடும்பம் நடத்தும் முருகதாசரின் ஒரு நாள் அதன் பொருள். கடன் கேட்டும் வாங்கியும் அன்றைய பாடு தீர்கின்றது. வரவிருக்கும் திங்கட்கிழமையைப் பற்றிய மனைவியின் வினா எஞ்சுகின்றது. இக்கதையின் வடிவம் அதன் பொருளினின்று பிறந்தது என்பது நோக்கத்தக்கது. நாளுக்கு நாள் வாழ்பவனைப் பற்றிய கதை ஒரே நாளில் முடிகின்றது. அவ்வாழ்வுக்குத் தொடர்கதை இல்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலும் தலைவர் பத்திரிகை நடத்துபவரே. மண்ணுக்கு வந்த கடவுளையும் சந்தாதாரராகக் காணும் அவர் பார்வையில் உள்ள நகை, இதழ்த்தொழிலின் உள்ளே இருந்தவர்க்கே வாய்ப்பது.

ஊதிய எழுத்தில் அவர் நெறியற்று நடந்தாரா என்னும் வினாவும் எழும். மொழிபெயர்ப்பா தழுவலா என்னும் விவாதத்தில் அவர் தழுவலைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும், அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பெற்ற கதைகளுட் சில மாப்பசானின் தழுவல்கள் எனத் திறனாய்வாளர் காட்டியுள்ளனர். அக்கதைகளை அவர் தம் வாழ்நாளில் நூலாக்கவில்லை என்பதையும் உடன் கருத வேண்டும். இதழின் பசிக்கு இட்டது எது, தம் பெயரில் நிற்க வேண்டுவது எது என்னும் பகுப்பு அவருக்குத் தெரிந்தே இருந்தது. இது குற்றத்தைத் துடைத்துவிடாது. எனினும் தீர்ப்பின் அளவை மாற்றும்.

அதியமான் தம்மைக் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏலாது மறுத்ததைப் புறநானூற்றில் (208) கற்பிக்கின்றோம். அப்பெருமிதத்தை அளவுகோலாகக் கொண்டு பின்வந்த எழுத்தாளரை அளப்பதும் உண்டு. ஆனால் அப்புலவர் மறுத்தது காணாது ஈந்தமையைத்தான்; பரிசிலையே அன்று. திங்கள்தோறும் ஊதியம் பெறும் கல்லூரி ஆசிரியராகிய நாம், ஊதியம் உறுதியில்லாத ஒருவரை 'ஏன் நாவல் எழுதவில்லை' எனக் கேட்கும்போது, அவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

கதைகளைக் கால வரிசையில் தரும் செம்பதிப்பு 2000இல் வெளிவந்துவிட்டது. அவர் தம் மனைவியார்க்கு எழுதிய கடிதங்களும் நூலாகியுள்ளன. 2002இல் படைப்புகள் நாட்டுடைமையாயின. ஆதலின், ஒரு பத்தியில் அவர் ஊதியத்துக்கு எழுதியவற்றையும், மறு பத்தியில் கதைகளையும் ஆண்டும் திங்களும் குறித்து எதிரெதிரே நிறுத்தும் அட்டவணையை முதுகலை மாணவர் ஒருவர் இன்று ஆக்கவியலும். செய்தி மொழிபெயர்ப்பின் தொடரமைப்புக் கதை நடையில் எங்கே புகுந்தது, உரையாடல் எழுதிய பயிற்சி பிற்காலக் கதையில் எங்கே தெரிகின்றது என்பன போன்ற வினாக்களுக்கு அப்போதுதான் விடை கிடைக்கும். கூலி எழுத்தென ஒதுக்கிய பகுதியைப் படியாமல் கலை எழுத்தின் வரலாற்றை எழுதுதல், பாதிக் கணக்கைக் கொண்டு முழு வரவைச் சொல்வதாகவே முடியும்.